நான்காம் மாடிக்கு ஆள் தேவை

மலாயாவில் துணிக்கடை வைத்திருந்த ஜமாலுதீன் 1963இல் கடலூருக்குத் திரும்பியபோது, முதுநகரில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. துறைமுக வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த குடும்பங்கள் மாட்டுக்கொட்டகையைக்கூட வெள்ளையடித்துக் குடியிருந்தன. அவரும் மனைவி ரஹ்மத் பீவியும் ஓர் அரிசி மண்டியின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டார்கள். ஜங்ஷன் பக்கம் மனை வாங்கி, மூன்று மாடி எழுப்பி, அறை அறையாக வாடகைக்கு விடுவது என்று அவர் முடிவு செய்தார்.

உள்ளூர்க் கொத்தனார்கள் யாரும் ஓய்வாக இல்லை. சிதம்பரம் போய்த் தேவநாதன் என்ற மேஸ்திரியையும் அவருடைய ஆட்களையும் அழைத்துவந்தார்.

"வேலையப் பத்திக் கவலப்படாதீங்க பாய். நாங்க எங்க தங்குறது?" என்றார் மேஸ்திரி.

"ஒரு வீடு பாத்துக்குங்க."

"வீடு கெடைக்குற ஊரா இருந்தா நீங்க எதுக்குக் கட்டுறீங்க?"

அது ஜமாலுதீனுக்கு நியாயமாகப் பட்டது. கீழ்த்தளம் முடிந்ததும் அவர்கள் அதில் குடியேறினார்கள். முதல் மாடிக்குச் செங்கல் ஏற்றக் கூடுதல் ஆள் வந்தது. மாடி காய்ந்ததும் அந்த ஆட்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்கு இன்னும் ஆள். அத்தனை பேருக்கும் இட்லி சுட மாரியம்மாள் வந்தாள். அவளுக்கும் ஓர் அறை. மூன்றாம் மாடியும் முடிந்து, 'வீடு வாடகைக்கு' என்ற பலகையோடு ஜமாலுதீன் போனபோது, அதை மாட்ட ஓர் ஆணி காலியாக இல்லை. எல்லா ஆணிகளிலும் சட்டை தொங்கியது.

"நாலாவது மாடி போடுங்க பாய். அத வாடகைக்கு விட்டுக்கலாம்" என்றார் தேவநாதன்.

"யாரு கட்டுவா?"

"சிதம்பரத்துலேருந்து ஆள் வருவாங்க."

"அவுங்க எங்க தங்குவாங்க?"

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "அத மொதல்ல கட்டிட்டுப் பாத்துக்கலாம்."

அந்த வாரமே மண்டிக்காரர் தம் மருமகனுக்கு இடம் வேண்டுமென்று பின்கட்டைத் திரும்பக் கேட்டார். ஜமாலுதீனும் ரஹ்மத் பீவியும் டிரங்குப் பெட்டியோடு தங்கள் கட்டடத்தின் வாசலில் வந்து நின்றார்கள்.

"வேல செய்யுறவுங்களுக்குத்தான் எடம் பாய். ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார் மேஸ்திரி.

"நான் கட்டடத்துக்குச் சொந்தக்காரன்யா!"

"அதனாலதான் எனக்குச் சங்கடம் ஜாஸ்தியா இருக்கு. ஒங்களுக்கு என்ன வேல தெரியும்?"

"துணி அளப்பேன்."

"அப்படிச் சொல்லுங்க. சுவர அளங்க."

மாடிப்படிக்குக் கீழே இடம் கிடைத்தது. முதல் நாள் ஜமாலுதீன் கூனிக் குறுகித்தான் நூல் பிடித்தார். ஆனால், "பாய் புடிச்ச நூல் கோணாது" என்று மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னபோது, கடை நடத்திய காலத்தில் அறியாத ஒரு சந்தோஷம் அவருக்கு வந்தது.

ஆள் எடுக்கும் வேலையை ரஹ்மத் பீவி தானே ஏற்றுக்கொண்டாள். ராமாமிர்தம் என்ற ரயில்வே குமாஸ்தா மனைவியோடு வந்து வாடகைக்கு அறை கேட்டார்.

"வாடகைக்கு இல்லீங்க. மண்ணு சொமப்பீங்களா?"

அவர் கோபமாகப் போய்விட்டார். மறுநாள் விடியலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் சும்மாட்டோடு திரும்பிவந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர் என்று இன்னும் பலர். ஆபீசுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் எல்லோரும் வெறியோடு கல் தூக்கினார்கள். நான்காம் மாடி சற்றே சாய்வாக, ஆனால் மிக வேகமாக எழுந்தது.

தேவநாதனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வாத்தியாரு பூசுன சுவரு பக்கத்துல என் கரண்டிய வைக்க மாட்டேன்" என்று சொல்லி, ஆட்களோடு சிதம்பரத்துக்கே பஸ் ஏறினார். அங்கே ஒரு பெரிய கட்டடம் எழும்புவதாகவும், ஆட்களுக்கு இடம் உண்டென்றும் அவருக்குச் சேதி வந்திருந்தது.

குமாஸ்தா மேஸ்திரியானார். தேவநாதன் இருந்த முன்னறை சொந்தக்காரருக்குக் கிடைத்தது. ரஹ்மத் பீவி அதன் ஜன்னலைத் திறந்தாள். கீழே ஒரு மாட்டுவண்டி. அதில் அண்டா, ஆட்டுக்கல், ஒரு முழுக் குடும்பம்.

"அம்மா, வேல இருக்குங்களா?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ஜமாலுதீன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து மனையை விலை பேசக் கிளம்பினார்.