செம்பனை மரத்தடியில் இரண்டு வல்லரசுகள்

சுவா எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்பனைக் குலையைப் பார்த்து, பழுக்க நான்கு நாளாகும் என்றது அமெரிக்கச் செயலி. ஆறு நாள் என்றது மேலே பறந்த சீன டிரோன். செயலியையும் டிரோனையும் விற்க வந்த ஸ்டீவனும் வசந்தனும், எந்த நாட்டு மூளை உசத்தி என்று மரத்தடியிலேயே மல்லுக்கு நின்றார்கள். அறுப்பு ஆட்கள் அரிவாளோடு காத்திருந்தார்கள்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஃபெலிசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எவ்ளோ நேரம் மேலேயே பாப்பீங்க? கீழ பாருங்க லா! பழம் உதிர்ந்து கெடக்கு. உதிர்ந்துச்சுன்னா பழுத்தாச்சு!”

தத்தம் இயந்திரத்துக்கே முதலில் அதைக் கற்றுக்கொடுக்க, இருவரும் கைப்பேசியோடு ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலைகள் முட்டிக்கொண்டன.

ஃபெலிசியா ஆட்களுக்குக் கை காட்டினாள். “வல்லரசுங்க ரெண்டும் தள்ளி நில்லுங்க லா. குலை விழப்போவுது.”