பின்னாடி வர்றா

என் மனைவி செத்து ஏழு மாதம் ஆகிறது. போன புதன் வரை இதை நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் மச்சான்தான் போன் போட்டான். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலை பார்க்கிற இடத்தில் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்தது சாப்பாட்டுக் கடைகளில் மட்டும்தான். அங்கே பொய் சொன்னேன்.

அவள் திரைச்சீலை தைப்பவள். எனக்குப் புதன்கிழமை விடுமுறை. அன்றைக்கு மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. வேற்று நாட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களைத் தேடிப் போவோம். பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கண்ணில் படாது. இதற்கென்று அவளிடம் சட்டதிட்டங்கள் உண்டு. மெனுவில் படம் இருந்தால் உள்ளே போகக் கூடாது. முன்வாசலைப் பார்க்காமல் பின்வாசலைப் பார்க்க வேண்டும். அங்கே வெங்காயத் தோலும் குழந்தைச் செருப்பும் சேர்ந்து கிடந்தால் குடும்பமே சமைக்கிறது, தைரியமாக உட்காரலாம். உட்கார்ந்ததும், "நீங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? அதையே குடுங்க" என்பாள். மொழி தெரியாதவர்களிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். எனக்கு மானம் போகும். சாப்பாடு வந்ததும் போன மானம் திரும்பி வந்துவிடும்.

எல்லாக் கடைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அவள் போன பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு புதன்தோறும் ஒவ்வொரு கடையாகப் போனேன். முதல் கடை, பஸ் டெப்போவுக்குப் பின்னால். ரொட்டி சுடுகிறவர் எதிர் நாற்காலியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எங்கே அந்த அம்மா என்று கேட்கிறார். நான் கட்டைவிரலால் வாசலைக் காட்டினேன். பின்னாடி வர்றா. அவர் தலையாட்டிவிட்டு இரண்டு தட்டு வைத்தார். நான் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு எல்லாக் கடையிலும் அதே கட்டைவிரல், அதே இரண்டு தட்டு. பொய் எனக்குப் பழகிவிட்டது. அதைவிட மோசம், என் காது அதை நம்பத் தொடங்கிவிட்டது. அவள் இடது செருப்பை லேசாக இழுத்து நடப்பாள். தெருவில், ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் அறையில், எங்கள் குளியலறை வாசலில், ஐந்தடி பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். திரும்பினால் நின்றுவிடும். பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் கேட்காமலே போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

நோட்டின் கடைசிக் கடையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சலவைக் கடையை ஒட்டிய சந்தில் ஐந்தே மேசை உள்ள கடை. அங்கே சமைக்கிற பெண்ணுக்கு நம் பேச்சைச் சொல்லிக் கொடுத்தது என் மனைவிதான். சூப்பு கொதிக்கிற நேரத்தில் நாலு சொல், அடுத்த வாரம் இன்னும் நாலு. தன்னை 'அக்கா' என்று கூப்பிட வைத்தாள். என்னை 'பெரியவரே' என்று கூப்பிடச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கடை வாசலுக்கு நீலத் திரைச்சீலை ஒன்றும் தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின புதன் நாங்கள் சாப்பிட்டது அங்கேதான்.

போன புதன் மழையில் கிளம்பிப் போனேன். சுவரோரம் அட்டைப்பெட்டிகளைக் கட்டி அடுக்கியிருந்தார்கள். நாலு மேசைகள் மடக்கிச் சாத்தப்பட்டிருந்தன. எங்கள் மேசை மட்டும் விரித்தபடி இருந்தது. இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி.

"வாங்க பெரியவரே," என்றாள் அந்தப் பெண். "அக்கா?"

கட்டைவிரல் தானாகவே வாசல் பக்கம் போனது. "பின்னாடி வர்றா."

மற்ற கடைக்காரர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இவள் போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். சாரல் உள்ளே அடித்தது.

"சூப்பு?" என்றேன்.

"அக்கா வரட்டும்."

கால் மணி நேரம் ஆனது. அவள் என் எதிரே நின்றபடியே தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள்.

"நான் ஊர் மாறணும். தங்கச்சி அங்க கடை பாத்துட்டா. வண்டி ரெண்டு தடவ வந்துச்சு, நான் அப்புறம் வா சொல்லிட்டேன். இன்னைக்கு மூணாவது. இன்னைக்கும் வரலைன்னா வேற ஆள் வச்சுக்கறேன், தங்கச்சி சொல்றா. ஆனா அக்கா அன்னைக்கு 'வர்றேன்' சொன்னாங்க. வர்றேன் சொன்னவங்க மேசை, நான் எப்படி எடுக்கறது?"

அப்போது சந்தில் செருப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் மட்டும் கேட்டிருந்தால் வழக்கமானதுதானே என்று விட்டிருப்பேன். அவளும் கேட்டாள். முகம் மலர்ந்து அடுப்பைப் பற்றவைக்க ஓடினாள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். நீலத் திரைச்சீலை அசைந்தது.

சலவைக் கடை அம்மா, துணி மூட்டையோடு, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்தப் பெண் கையிலிருந்த தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

"அவ வர மாட்டாம்மா," என்றேன். "செத்துட்டா. ஏழு மாசம் ஆச்சு."

அவள் விழித்தாள். அந்தச் சொல்லை என் மனைவி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அதற்கு மேல் எதையும் காட்டத் தேவைப்படவில்லை.

அணைந்த குச்சியை அடுப்போரம் வைத்துவிட்டு, "ஆனா அக்கா வர்றேன் சொன்னாங்க," என்றாள்.

"எங்க பேச்சுல போறவங்க 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க. அந்த வார்த்தை வாயில வரக் கூடாது. போறப்பதான் 'வர்றேன்'னு சொல்றது."

"அப்போ வர்றவங்க என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வந்துடுவாங்க."

அவள் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சூப்பைச் சுடவைத்து இரண்டு கிண்ணத்திலும் ஊற்றினாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மனைவியின் கிண்ணத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஏழு மாதத்தில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். நான் அழுதேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள்.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. கடைசி மேசையை இருவரும் சேர்ந்து மடக்கினோம். திரைச்சீலையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கோம்மா, அங்கயும் வாசல் இருக்குமில்ல," என்றேன்.

படி இறங்கும்போது நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது. "வர்றேன்."

பெட்டியைத் தூக்கப் போனவள் நிமிர்ந்தாள். "போறதுக்கா, வர்றதுக்கா?"

"போறதுக்குதாம்மா."

அவள் தலையாட்டினாள்.

மழை விட்டிருந்தது. சந்து முனையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். பின்னாடி யாரும் வரவில்லை.