என் பேரில் ஓடிய மீட்டர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருக்கிற வீட்டுக்கு இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் கரண்டு பில் வந்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். அதுவரை எனக்கு மாதம் நூற்றைம்பதைத் தாண்டியதே இல்லை. மீட்டர் எழுதுகிறவர் மழையைச் சாக்கு வைத்து இரண்டு மாதம் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் மாதம் வந்து மொத்தமாகத் தீட்டிவிட்டுப் போயிருந்தார்.

இது 2006 சித்திரை மாதம் நடந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் எஹலியகொட டவுனுக்கு மேலே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். நானும் மகள் விஜயகலாவும்தான் லயத்தில். அவள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி, டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்கு இடம் பிடித்திருந்தாள். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் மூவாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. தோட்டத்து கிளாக்கர் அதற்குள்ளேயே, "புள்ளைய சும்மா வச்சிருக்கிறதுக்கு வேலைக்கு பேர் பதிஞ்சிரலாமே" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் பதினாலு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். அந்தக் கூடைக் கயிறு என் மகள் தலையில் ஏறக் கூடாது. எட்டு மாதமாகச் சேர்த்த மூவாயிரம் பால்மா டப்பாவில் இருந்தது. பில்லைக் கட்டினால் வகுப்பு இல்லை.

"ஒரு சதம் கட்ட மாட்டேன். நான் எரிக்காத கரண்டுக்கு நான் ஏன் கட்டணும்?" என்றேன்.

"கட்டலன்னா வெட்டிருவாங்கம்மா" என்றாள் விஜயகலா.

"வெட்டட்டும். மண்ணெண்ணெய் விளக்குல வளர்ந்தவதான் நான்."

ஆனாலும் நான் மடச்சி இல்லை. எங்கள் லயத்தில் எட்டு வீட்டு மீட்டரும் ஒரே இடத்தில், முதலாம் வீட்டுப் பக்கச் சுவரில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும். பில்லில் இருந்த நம்பரை வைத்து என் மீட்டரைத் தேடிப் பிடித்தேன். எட்டாம் வீட்டில் விஜயகலா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சையும் கீழே தட்டிவிட்டு, "நிப்பாட்டிட்டேன்மா" என்று கத்தினாள். நான் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ என் மீட்டரில் கம்பி போட்டு இழுக்கிறார்கள். வேறு என்ன அர்த்தம்?

யார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. மீட்டர்ப் பலகைக்குப் பக்கத்து வீடு தங்கம்மா அக்காவுடையது. தைப்பொங்கலுக்குத்தான் அவர் மருமகன் தவணைக்கு ஒரு பிரிட்ஜ் எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் அக்கா சீனித் தண்ணீரைச் சின்னப் பையில் கட்டி, கலர் கலராய் ஐஸ் பக்கெட் போட்டு, ஐந்து ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். நான் போய், சும்மா கேட்பது போல, "ஒங்களுக்கு பில்லு எவ்வளவுக்கா?" என்றேன்.

"மூணு மாசத்துக்கும் நானூத்தி முப்பது. இந்த பிரிட்ஜ் கரண்டே குடிக்காதுன்னு மருமகன் சொன்னாரு. உண்மைதான்டி குமாரி" என்று பூரித்துப்போய்ச் சொன்னார்.

எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பிரிட்ஜ் வைத்திருக்கிறவளுக்கு நானூற்று முப்பது, ரேடியோ வைத்திருக்கிறவளுக்கு இரண்டாயிரத்து நானூறு. அன்று சாயங்காலம் பைப்படியில் பத்துப் பொம்பளைகள் குடத்தோடு நிற்கும்போது நான் வாயைத் திறந்தேன். திறந்தால் மூடத் தெரியாது எனக்கு. "என் கரண்ட திருடி ஐஸ் போட்டு விக்கிறவ காசு வெளங்குமா" என்று ஆரம்பித்தது, "கள்ளி" என்பதில் போய் முடிந்தது. தங்கம்மா அக்கா குடத்தைப் பைப்பிலிருந்து எடுத்தார். அரைக் குடத்தோடு திரும்பி நடந்தார். குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில், கரண்டை வெட்டப் போகிறோம் என்று சிவப்பு நோட்டீஸ் வந்தது. அதை அடுப்பில் போட்டேன். வகுப்புக்குக் காசு கட்ட வேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் கரண்டு ஆபீஸிலிருந்து ஒரு சிங்கள ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எஹலியகொட சந்தையில் பேரம் பேசியே பழகியது. அவரிடம் என் நியாயத்தை எல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் வெட்ட வந்தவன்தான் அக்கே, பில் போடுகிறவன் இல்லை" என்றார்.

அவர் என் மீட்டரில் பியூசைப் பிடுங்கினார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எட்டாம் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. பியூசைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் முழித்தார்.

அப்போதுதான் முதலாம் வீட்டிலிருந்து தங்கம்மா அக்கா வெளியே வந்தார். கையெல்லாம் ரோஸ் சாயம். "எனக்கு மட்டும் கரண்டு போயிருச்சே" என்றார். என்னைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்.

அந்த ஆள் பில்லைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "கெவல் மாறு களாத?" என்று கேட்டார். வீடு மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்கிறார்.

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது. மாற்றிக்கொண்டோம். மூன்று வருடத்துக்கு முன்னால். முதலாம் வீடு என்னுடையது, எட்டாம் வீடு அவருடையது. அக்காவின் வீட்டுக்காரர் மூக்கையா அண்ணன் தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார். எனக்கு எட்டாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறிப் பாத்திமேல் ஒரு கண். தோட்டத்து ஆபீசுக்குச் சொன்னால் கிளாக்கர் மனு எழுது, மனேஜர் தொரை கையெழுத்து வாங்கு என்று ஒரு வருடம் இழுப்பார். அதனால் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பானை சட்டியைத் தூக்கி, பால் காய்ச்சினால் முடிந்தது. மனிதர்கள் மாறினோம், மீட்டரை யாரும் நினைக்கவில்லை. பில் பேருக்குத்தானே வருகிறது. அவரவர் பேரில் வந்ததை அவரவர் கட்டினோம். இரண்டு வீட்டிலும் இரண்டு பல்பு, ஒரு ரேடியோ என்று இருந்த வரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பில் என்னுடையது இல்லை. விஜயகலாவின் மூவாயிரம் தப்பியது.

பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த நாள் கோயில் திருவிழா தொடக்கம். மூன்று நாளைக்கும் சேர்த்து ஐஸ் போட்டு வைத்திருந்தார். கையிலிருந்த காசெல்லாம் சீனியாகவும் எசன்ஸாகவும் பையாகவும் அந்தப் பிரிட்ஜுக்குள் இருந்தது. "இப்ப கட்ட என்கிட்ட ஏதுங்க. வித்தாத்தான் காசு" என்று அந்த ஆளிடம் சிங்களத்தில் சொன்னார். அவர் பாவப்பட்டு, இரண்டு மணிக்குள் கட்டி ரசீதைக் கொண்டுவந்தால் சாயங்காலமே இணைத்துவிடுகிறேன், அதற்கும் ஐந்நூறு தனியாகக் கட்டணும் என்றார்.

நான் வீட்டுக்குள் வந்தேன். விஜயகலா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பில்லு என் பேருலதான் இருக்கு" என்றேன். "ஆனா இது ஒன் காசு. நீ வேணாம்னா வேணாம்."

"சனிக்கிழமைக்குள்ள அவுங்களால குடுக்க முடியுமாம்மா?"

"தெரியாது."

அவள் டப்பா மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். கண் கலங்கியிருந்தது. "கள்ளின்னு சொல்லிட்டு ஐஸயும் உருக விட்டா நாம எப்படிம்மா இந்த லயத்துல இருக்கிறது" என்று டப்பாவை நீட்டினாள்.

பதினொரு மணி பஸ்ஸில் போய்க் கட்டினேன். மிஞ்சியது தொண்ணூறு ரூபாய். சாயங்காலம் அந்த ஆள் சொன்ன மாதிரியே வந்து பியூசைப் போட்டார். ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. மூன்று நாள் திருவிழாவில் மேளம் அடித்தது எனக்குக் காதில் ஏறவேயில்லை. சனிக்கிழமை, சனிக்கிழமை என்றே மனம் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கோயில் வாசலில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீனிப் பை.

"ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து பத்து. ஐஸ் வித்தது போதல. எங்க வீட்டுக்காரரு மூணு நாளும் குடிக்காம இருந்தாரு, அந்த காசும் இருக்கு. சில்லறையா இருக்குன்னு வகுப்புல திட்டுவானுக, பரவால்ல" என்று விஜயகலா கையில் கொடுத்தார். "ஏழு மணி பஸ்ஸ விட்றாத."

அவள் டப்பாவிலிருந்த தொண்ணூறையும் எடுத்தாள், காலில் செருப்பை மாட்டினாள், பறந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வளைவு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"என்கிட்ட சொல்லி என்னாடி ஆகப் போகுது. நான் கள்ளி இல்லைன்னு எனக்குத் தெரியும். அவளுகளுக்குச் சொல்லு."

நியாயம்தான். குடத்தைக்கூட எடுக்காமல் பைப்படிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார். காலை நேரம், நல்ல கூட்டம்.

"எல்லாரும் கேளுங்க" என்றேன். "தங்கம்மாக்கா திருடல. நான் சொன்னது பொய். எட்டாம் வீட்டு மீட்டர் அவுங்க பேருல இருக்கு. மூணு வருஷமா நான் எரிச்ச கரண்டுக்கு காசு கட்டினது அவுங்கதான்."

தண்ணீர் ஒரு குடத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தங்கம்மா அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, "வா, தேத்தண்ணி ஊத்தித் தாறேன்" என்றார்.