எங்காத்து மனுஷி

திங்கட்கிழமை காலை, ராகுகாலம் பிறப்பதற்கு முன்னால், சூடாமணி அம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். பர்மாக்காரி மா தின்னுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னே? ஐந்து வருஷமாக ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாள், வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாளே தவிர ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. மீன் வாசனைக்கு முகம் சுளித்ததும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப்பட்டவள் இன்றைக்கு மடிசாரும் மஞ்சள் பூசிய முகமுமாக நிற்கிற மகள் விஜயலக்ஷ்மியைக் கூட அழைத்துக்கொண்டு, கும்முட்டி அடுப்பும் கரியும் பால் சொம்புமாக நடு ரேழியில் நிற்கிறாள்.

"ஒண்ணுமில்லேம்மா, நாள் நன்னாருக்கு. ஆத்துல செத்த பால் காய்ச்சிட்டுப் போறோம். உனக்கு ஒண்ணும் சிரமமில்லையே?" என்றாள் சூடாமணி.

சிரமமா! மா தின் ஓடிப்போய்க் கூடத்தைப் பெருக்கினாள். விசிறியை எடுத்துவந்து அடுப்பை விசிறியதும் அவள்தான். பால் நுரைத்து, பொங்கி, கரியில் வழிந்து சுறுசுறுவென்றது. "பொங்கிடுத்துடீ!" என்று தாயும் மகளும் ஒரே குரலில் சொன்னபோது அவளும் சிரித்தாள். ஒரு சின்ன டம்ளரில் அவளுக்கும் பால் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். போகும்போது ஒரு பித்தளைக் குடம், ஒரு படி அரிசி, உப்பு, துவரம்பருப்பு எல்லாவற்றையும் சமையலறைச் சுவர்ப் பிறையில் வைத்து, "இது இங்கேயே இருக்கட்டும், எடுக்காதே" என்றாள் சூடாமணி. எடுப்பாளா? அவர்கள் போன பிறகு தனியாக நின்று அதைப் பார்த்துக் கண் கலங்கினாள், பைத்தியக்காரி.

காரணமில்லாமல் கலங்கவில்லை. போன வாரம்தான் சூடாமணி வாசலில் நின்று ஒரு காகிதத்தைக் கொடுத்து, புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தாள். "ஆகஸ்ட் பதினஞ்சு வந்துடறது. அதுக்கப்புறம் வெளிதேசத்தவாளுக்கு வீடு வாடகைக்கு விடப்படாதாம். எங்காத்து மனுஷின்னு எழுதிட்டா ஒரு தொந்தரவும் இல்லே" என்றாள். மா தின்னுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ரங்கூனில் புருஷன் ஆம்ப்ரோஸோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ். எழுத்தெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டாள். எங்காத்து மனுஷி! மாமியார் நாத்தனார் என்று இந்த ஊரில் ஒருவரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த அம்மாள் சேர்த்துக்கொள்கிறாள். முதலில் காகிதம், இப்போது பால். இந்த ஊரில் ஒருத்தியை உறவாக்கிக்கொள்வது இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள்.

முடிவைக் கலைத்தவள் தாயம்மா. சூடாமணி வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். மத்தியானம் கொல்லைப்புறமாக எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நீ எப்போ காலி பண்ற?" என்றாள்.

"காலியா? எதுக்கு?"

"எதுக்கா? பாலு காச்சிட்டாங்க இல்ல? வியாயக்கெழம ஆடி பொறக்குது. ஆடில எவனாச்சும் குடி போவானா? அதான் ஆனிலியே பாலு காச்சி, அரிசி பருப்பு வெச்சிட்டா, குடி வந்த கணக்கு. அப்பால ஆனிக்குள்ள சாமான் எறக்கிட்டா போதும், ஆவணில வந்து குந்திக்கலாம். பொண்ணுக்கு மாப்ளய பட்டணத்துக்கு மாத்திட்டாங்கோ. ஊரெல்லாம் தேடிகினு கீறாங்க, ஒரு வூடு கெடிக்கல." தாயம்மா நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, உனக்குத் தெரியாதா? உன் எதிர்க்கதான காச்சுனாங்க!"

எதிரிலா? விசிறியதே அவள்தானே! மா தின் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தாயம்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள், ஒன்றை ஒன்பதாக்குவாள். ஆனால் பிறையில் குடம் இருக்கிறதே. எடுக்காதே என்றாளே. சூடாமணி ஏமாற்றுக்காரியா? நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, கப்பலில் வந்திறங்கித் தெருத்தெருவாக அலைந்த பர்மாக்காரியைக் கூப்பிட்டு, "நீ இரும்மா, வீடு பூட்டிக் கிடக்கப்படாது" என்று சாவியைக் கொடுத்தவள் அல்லவா? மா தின்னுக்குக் காய்ச்சல் கண்டபோது சுவருக்கு மேலே ரசத்தை நீட்டியவள் அல்லவா? அந்தக் கைதானே இன்றைக்குப் பாலையும் கொடுத்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

சாயங்காலம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு சாந்தோமுக்கு நடந்தாள். மாதா கோயிலில் பழக்கமான ஐரின் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை ஒரு முறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"மா தின், இதுல நீ குடியிருக்கிறவளே இல்ல. 'தயவின்பேரில், வாடகையின்றி, விருந்தினராகத் தங்கியிருக்கிறேன். கேட்டதும் ஒழிந்து தருவேன்'னு போட்டிருக்கு. அஞ்சு வருஷமா வாடகை குடுத்தவ விருந்தாளியா? கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்ல. புதன்கிழமை."

"போடவே போடாத. வாடகைக்கு இருக்கிறவங்கள நெனச்ச மாத்திரத்துல கிளப்ப முடியாதுன்னு இப்ப சட்டம் இருக்கு. பால் காய்ச்சினதெல்லாம் சட்டத்துல நிக்காது."

"வெளிதேசத்தவங்க இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்களே?"

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அது... அப்படி நான் கேள்விப்படல. ஆனா இப்ப எதுதான் நிச்சயம்? யாரைக் கேட்டாலும் ஒண்ணொண்ணு சொல்றாங்க. நீ மட்டும் முடியாதுன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை."

ஒரே வார்த்தையாம்! வயதில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொன்னால் எதிராளிக்கு நோகுமே என்று நெஞ்சு கூசுகிறதே, அந்தக் கூச்சத்துக்கு மா தின்னின் ஊரில் தனியாக ஒரு பெயரே உண்டு. அம்மா அதைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தாள். ஆம்ப்ரோஸ் கப்பலடியில் நின்று, "நீ முன்னால போ, நான் நடந்தாவது வந்து சேருறேன்" என்று சொன்னபோதும் அந்தக் கூச்சம்தான் அவள் வாயை அடைத்தது. மாட்டேன், உன்னோடுதான் வருவேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

வீட்டைப் பற்றிய பயமும் ஆம்ப்ரோஸை நினைத்துத்தான். வேறு வீடு கிடைக்காது என்பதுகூட இரண்டாம் பட்சம். சண்டை முடிந்து தபால் ஓட ஆரம்பித்ததும் அவள் ரங்கூன் கோயில் சாமியாருக்குப் பர்மிய எழுத்தில் எழுதிப்போட்டாள். போன வருஷம் பதில் வந்தது. ஆம்ப்ரோஸ் போல ஒருவன் நோஞ்சானாக வந்து விசாரித்தான், உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன், பிறகு ஆளைக் காணவில்லை என்று. அவன்தானா, அவனைப் போல வேறு ஒருவனா? சாமியாருக்கே நிச்சயமில்லை. ஆனால் எவனோ ஒருவன் சட்டைப்பையில் இந்தச் சந்தின் பெயரும் இந்தக் கதவின் இலக்கமும் இருக்கின்றன. அவன் வந்து கதவைத் தட்டும்போது விஜயலக்ஷ்மி திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டால்? செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த இரண்டு வார்த்தையே அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. தைக்க எடுத்த பாவாடையை உள்வெளி மாற்றித் தைத்துப் பிரித்தாள். மறுபடியும் அப்படியே தைத்தாள்.

புதன்கிழமை காலையில் சூடாமணி பேனாவோடு வந்தாள். இந்தத் தடவை படி ஏறவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

மா தின் காகிதத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். சூடாமணி புரட்டிப் பார்த்தாள். அடியில் வெறுமையாக இருந்தது.

"என்னம்மா இது?"

"அம்மா, நான் விருந்தாளியா?"

சூடாமணி காகிதத்தை நாலாக, எட்டாக மடித்தாள். "யார் படிச்சுச் சொன்னா?" என்றாள் கடைசியில். குரலில் கோபமில்லை. "எனக்கு மட்டும் என்ன தெரியும்? வக்கீல் எழுதிக் கொடுத்தார். வெளிதேசத்தவான்னு சொன்னதும் அவர்தான். நெஜமோ பொய்யோ, நானும் நம்பினேன்... நம்பறாப்பல இருந்துட்டேன்னு வெச்சுக்கோயேன். பொண்ணு மூணு குழந்தையோட ஒரே அறையிலே எங்களோட கிடக்கறா. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலே, அதுதான் பயமா இருக்கு. நான் எங்கே கொண்டு வெக்கட்டும் அவாளை, நீயே சொல்லு!"

"அவர் வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவார், அம்மா. வேற வீடு அவருக்குத் தெரியாது."

"வருவாரா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அந்த அம்மாளுக்கே பட்டிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மா தின் மூச்சை இழுத்துப் பிடித்தாள். முடியாது என்ற சொல் நெஞ்சில் ஏறி, தொண்டைக்கு வந்து, நாக்கின் நுனியில் நின்றது. இதோ சொல்லிவிடுவாள். அப்போதுதான் கைவண்டி ஒன்று கடகடவென்று சந்துக்குள் திரும்பி வாசலில் வந்து நின்றது. வண்டியில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய மெத்தை, குழந்தைத் தொட்டில். வண்டிக்காரன் பெட்டியை இழுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நேரே இவர்களிடம் வந்தான். வேர்த்து விட்டிருந்தது அவனுக்கு.

"எங்கம்மா எறக்கறது? இந்த வூடா, அந்த வூடா?"

சூடாமணி மா தின்னைப் பார்த்தாள். மா தின் சூடாமணியைப் பார்த்தாள். ஆனி மாதத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பகல்தான்.

"சொல்லும்மா, கழுத்து ஒடியிது!"

பெட்டி அவன் தலையில் ஒரு பக்கமாகச் சரிந்தது. மா தின் யோசிக்கவில்லை, பாய்ந்து ஒரு வளையத்தைப் பிடித்தாள். சூடாமணியும் அதே சமயம் மற்ற வளையத்தைப் பிடித்தாள். வண்டிக்காரன் அப்பாடா என்று விலகி நின்று துண்டால் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினான். படிக்கு மேலே மா தின், படிக்குக் கீழே சூடாமணி, நடுவில் அந்தரத்தில் பெட்டி. அறுபது வயதுக்காரியின் பக்கம் பாரம் கீழே இறங்குவது இரும்பு வழியாகவே மா தின்னுக்குத் தெரிந்தது. ஓரடி பின்னால் வைத்தால் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடும். ஓரடி முன்னால் வைத்தால் தெருவுக்குப் போய்விடும்.

"பாத்தும்மா, கால்ல போட்டுக்கப் போறே" என்றாள் சூடாமணி.

"நீங்களும்" என்றாள் மா தின். இரண்டு பேரும் பிடியை விடவில்லை.