ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு

மக்களாட்சியின் உயிர்மூச்சு தகவல். அரசு பேச மக்கள் செவிமடுப்பதும், மக்கள் பேச அரசு தலைதாழ்த்திக் கேட்பதும் நிகழும்போதுதான் ஒரு நகரம் நகரமாகிறது. மற்ற நேரமெல்லாம் அது வெறும் கட்டடக் குவியல்.

நகராட்சி மாத இதழின் முதல் பக்கத்தில் பதினொரு ஆண்டுகளாக இந்த வாசகம் கட்டம் கட்டி வெளிவந்தது. 'உயிர்மூச்சு' என்பது 'உயிர்முச்சு' என்று அச்சாகியிருப்பதைப் பதினொன்றாம் ஆண்டின் கடைசியில் தகவல் அலுவலரே கண்டுபிடித்தார். நூற்று முப்பத்திரண்டு இதழ்கள். ஒரு கடிதம் இல்லை, ஒரு தொலைபேசி இல்லை. சத்தம் காட்டாமல் திருத்திவிட்டு, வாசகர்களின் இடைவிடாத வேண்டுகோளுக்கிணங்க முகப்பு புதுப்பிக்கப்பட்டிருப்பதாக அடுத்த இதழில் ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டார்.

வாசகர் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது கடைத்தெருத் தையல்காரர். அவர் அந்த இதழை விரித்துத்தான் சட்டைக்கு அளவு வரைவார். தாள் நல்ல கனம் என்று ஒருமுறை நேரில் வந்து பாராட்டியும் இருக்கிறார்.

இதையெல்லாம்கூட அலுவலர் தாங்கிக்கொண்டிருப்பார். ஊரில் யாருமே யார் சொல்வதையும் கேட்பதில்லை என்றால் அதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. ஆனால் ஊர் ஒருவர் சொல்வதைக் கேட்டது. அந்த ஒருவர் நகராட்சி ஊழியர் பட்டியலில் கீழிருந்து மூன்றாவது வரியில் இருப்பவர். தெருத்தெருவாகப் போய் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிறவர்.

வால்வுக்காரர் தினமும் மாலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போடுவார். முதலில் ஒரு இருமல். பிறகு திருகுசாவியால் குழாயில் இரண்டு தட்டு, டங் டங். பிறகு பேச்சு.

"க்கும். அக்கா, தங்கச்சி, தம்பிமாரே, கேட்டுக்கோங்க. நாளைக்கு அஞ்சரைக்குத் திறப்பேன், ஆறே முக்காலுக்கு மூடிடுவேன். மூணாவது தெரு மாடி வீட்டு அக்கா, நீங்க மோட்டார் போட்டு உறிஞ்சினா முக்கு வீட்டுக்குக் காத்துதான் வரும். அவங்க என்னைத் திட்டுறாங்க, நான் உங்களைத் திட்ட முடியுமா? பச்சை கேட்டுத் தம்பி, நேத்து உங்க தொட்டி நிரம்பி தெருவெல்லாம் ஆறு. இன்னைக்காவது முழிச்சுக்கோங்க."

இரண்டாயிரத்து முந்நூறு பேர். ஒரு மணி நேரத்தில் அத்தனை பேரும் கேட்டுவிடுவார்கள். கேட்டவர்கள் பதிலும் போடுவார்கள். குழாய் கசிகிற இடம், விளக்கு எரியாத கம்பம், மூடி உடைந்த சாக்கடை என்று எல்லாம் அந்தக் குழுவுக்குத்தான் வந்தன. அலுவலரின் மேசைமீது கருத்துப் பெட்டி ஒன்று பூட்டியபடி இருந்தது. போன ஆண்டு திறந்தபோது அதில் ஒரு பல்லி முட்டை கிடந்தது.

அலுவலரும் அந்தக் குழுவில் இருந்தார், வேறு பெயரில். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பதிவைக் கேட்பார். இலக்கணப் பிழைகளைக் குறித்துக்கொள்ளவே கேட்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று அந்த இருமலை இருமிப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

"ஏங்க, சளி புடிச்சிருக்கா?" என்று மனைவி கதவைத் தட்டினார்.

"இல்ல."

"அப்ப சீக்கிரம் வாங்க. தண்ணி ஆறே முக்காலோட நின்னுடுமாம். அண்ணன் சொல்லியிருக்காரு."

அண்ணன்! இருபத்திரண்டு வருடமாக நகராட்சியின் வாய் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர் வீட்டுக்குள்ளேயே இருக்க, தண்ணீர் எப்போது நிற்கும் என்பது அண்ணன் வாயால் தெரியவேண்டியிருக்கிறது. அலுவலருக்குத் தண்ணீருக்கடியிலும் வயிறு எரிந்தது.

மனைவி மோசமானவர் இல்லை. போன வருடம் குடல்வால் அறுவைக்காக அலுவலர் மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் வந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் பூங்கொத்து வந்தது. அலுவலருக்கு போன் சார்ஜர் வந்தது. ஜாடையாகக் கேட்டதற்கு, "பூ வெச்சா உங்களுக்குத் தும்மல் வரும், தையல் பிரிஞ்சிடும்" என்றார். நியாயமான பதில்தான்.

அந்த மாதம் நகராட்சித் தலைவி அவரை அழைத்தார். ஊர் நடுவிலிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதற்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று மேலிடத்து விதி.

"போன கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று தலைவி கேட்டார்.

"ஏழு பேர், மேடம். ஆனா தரமான பங்கேற்பு."

"நாலு பேர் நம்ம ஸ்டாஃப். ரெண்டு பேர் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவங்க. ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர்."

"அவர்கூட ஒரு கேள்வி கேட்டார், மேடம்."

"மழை விட்டுச்சான்னு கேட்டார். நானும் அங்கதானே இருந்தேன்." தலைவி பேனாவை மூடினார். "இந்தத் தடவை அம்பது பேர் வரணும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மேலிடம் நம்பும். நாப்பத்தொம்போது வந்தாலும் உங்க பிரிவை மூடிட்டு உங்களை நாய் உரிமக் கவுண்டர்ல உட்கார வெச்சுடுவேன். அங்கயாவது மக்கள் தானா வராங்க."

பிறகு தலைவிக்கே ஒரு யோசனை வந்தது.

"ஏன் சார், அந்த வால்வுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அவர் குரூப்ல போடுவாரே?"

இதைத்தான் தலைவி சொல்லியிருக்கக் கூடாது. நாய் உரிமத்தைக்கூட அலுவலர் மன்னித்திருப்பார்.

ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். எட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார். எட்டின்மேலும் மறுநாளே ஒரு தனிப்பயிற்சி நிலையம் தன் விளம்பரத்தை ஒட்டியது. கூட்டத்துக்கு முந்தின நாள் வரை 'வருகிறேன்' என்று சொன்ன ஒரே ஆள் தையல்காரர். அவரும் அடுத்த இதழ் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். நாய்கள் கனவில் வரத் தொடங்கின. கடைசியில், கூட்டத்தன்று காலை பத்து மணிக்கு, வால்வுக்காரரைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

வால்வுக்காரர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஒரு தோள் திருகுசாவியின் கனத்தில் நிரந்தரமாகச் சாய்ந்திருந்தது.

"உங்க குழுவை இன்னைக்கு நகராட்சி அதிகாரபூர்வமாப் பயன்படுத்தப் போகுது. பெருமைப்படணும் நீங்க."

"பட்டுக்கறேன் சார். என்ன சொல்லணும்? பெரிய டேங்கை இடிக்கறாங்க, சாயந்திரம் நாலு மணிக்கு எல்லாரும் வாங்கன்னு போட்டுடவா?"

"போட்டுடவாவா!" அலுவலர் எழுந்தே விட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்கு நாள் உழைப்பு. ஒரே வாக்கியம். "இதை அப்படியே படிக்கணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டங் டங் கிடையாது. அக்கா தங்கச்சி கிடையாது. இருமல் அறவே கிடையாது."

"இருமல் நான் போடறதில்ல சார், அதுவா வரும்."

"அடக்குங்க. இது அரசாங்க அறிவிப்பு."

வால்வுக்காரர் தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தியதுபோல் நின்று படித்தார். தாளில் இருந்தது இது:

'நகரவாசிகளின் கனிவான கவனத்திற்கு: நாற்பது ஆண்டுகளாக ஓய்வறியாது இந்நகர மக்களின் தாகம் தீர்த்து, வெயிலிலும் மழையிலும் கடமையாற்றி வந்த நம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி தன் பயணத்தை இன்றுடன் நிறைவு செய்வதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதோடு, இன்று மாலை நான்கு மணியளவில் நகராட்சிக் கூடத்தில் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

'கடமையாற்றி வந்த நம்' வரைக்கும் ஒருவழியாக வந்துவிட்டார். அங்கே இருமல் வந்தது. அடக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று அடக்கினார். தொண்டை அடைத்து, குரல் உடைந்து, ஒரு கேவல் போல ஏதோ வெளியே வந்தது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அந்தக் கேவலுக்குள் முழுசாக மூழ்கிப்போனது. 'தன் பயணத்தை' என்று மறுபடி கரையேறி, தழுதழுத்தபடியே கடைசிவரை படித்து முடித்தார்.

"இன்னொரு தடவை படிக்கட்டுமா சார்?"

"வேண்டாம். உணர்ச்சி நல்லா வந்திருக்கு" என்றார் அலுவலர், தன் நடையின் வலிமையை எண்ணியபடி.

பதிவு போயிற்று. வால்வுக்காரர் பழைய தொட்டியை வடிக்கப் போனார். தொட்டிக்கடியில் சிக்னல் கிடையாது.

அலுவலர் தன் போனில் குழுவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் முதல் கும்பிடு வந்தது. பிறகு கும்பிடு மேல் கும்பிடு. கைகூப்பிய படங்கள் இருநூறைத் தாண்டின. வால்வுக்காரரின் சொந்தப் பதிவுகளுக்கு என்றைக்குமே கட்டைவிரல்தான் வரும். ஒரு கும்பிடு வந்ததில்லை. கீழே பதில்களும் வந்தன.

'நம்பவே முடியல.'

'கண்ணு கலங்கிடுச்சு.'

'என்ன சொல்றதுன்னே தெரியல. வார்த்தை வரல.'

'இப்படி ஒண்ணை இந்த ஊர் இனி பார்க்காது.'

அலுவலர் நாற்காலியில் சாய்ந்தார். இருபத்திரண்டு வருடம். ஒரு நல்ல வாக்கியத்துக்கு ஊர் இத்தனை நாள் பசித்துக் கிடந்திருக்கிறது. வாய் மட்டும்தான் தவறான வாயாக இருந்திருக்கிறது. பல வருடத்தில் முதன்முறையாக வால்வுக்காரர் மீது அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. கூட்ட நாளில் போனை அணைத்து வைப்பது அவர் கொள்கை. அணைத்துவிட்டு, வரவேற்புரையை இன்னும் நாலு பக்கம் நீட்டினார்.

மூன்றரைக்கே கூடம் நிரம்பிவிட்டது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். வாசலில் குமாஸ்தா பதிவேட்டை வைத்துக்கொண்டு திணறினார்: பெயர், தெரு, வருகையின் நோக்கம், கையெழுத்து. யாரும் சத்தம் போடவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மேடை மேசையில் யாரோ ஒரு பெரிய மலர் வளையத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அலுவலருக்கு இரண்டு தும்மல் வந்தது. அதையும் மகிழ்ச்சியோடு தும்மினார்.

மேடையில் அவர் கண்ணாடி அணிவதில்லை, கம்பீரம் குறையும். எதிரே ஒரு மங்கலான மக்கள் கடல் தெரிந்தது. அது போதும்.

"நாற்பது ஆண்டுகள்!" என்று தொடங்கினார். "நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் தந்த அந்த நெஞ்சம் இன்று வற்றிவிட்டது!"

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினார். அலுவலர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"உடம்பெல்லாம் விரிசல்! துரு! கசிவு! இருந்தும் ஒருநாள் ஓய்வு கேட்டதுண்டா?"

"ஒருநாள் கேட்டதில்ல சார்" என்று பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். "போன வாரம்தான் 'தம்பி, முழிச்சுக்கோங்க'ன்னு சொன்னார். நான் முழிச்சுக்கல."

அலுவலருக்கு அந்தப் பதில் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை. "நாளையே இடித்து அப்புறப்படுத்திவிடுவோம்!" என்றார்.

கூடம் அதிர்ந்து நிமிர்ந்தது. அப்போதுதான் கதவு திறந்தது. முழங்கால் வரை சேறும் தோளில் திருகுசாவியுமாக வால்வுக்காரர் உள்ளே வந்தார். காலையிலிருந்து அடக்கிய இருமல் மொத்தமாக வந்தது.

"க்கும்! சார், டேங்கு வடிஞ்சிடுச்சு, சாவியை எங்க குடுக்கணும்?"

முன்வரிசை அலறியது. இரண்டு நாற்காலி சாய்ந்தன.

"அண்ணே! நீங்க போயிட்டீங்கன்னு..."

"எங்க போனேன்? டேங்குக்குத்தான் போனேன்!"

"காலையில உங்க பையன் அழுதுகிட்டே படிச்சானே!"

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்கம்மா. படிச்சது நான்தான். சார் இருமக் கூடாதுன்னுட்டாரு."

அதன்பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்லலாம். மேடைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. வால்வுக்காரரை நடுவில் உட்காரவைத்து, ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் டங் டங் என்று தட்டிவிட்டு, பழைய தொட்டி ஏன் ஒழுகுகிறது, புதியது எங்கே வரும், நடுவில் எத்தனை நாள் லாரித் தண்ணீர் என்று மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். மாடி வீட்டு அக்கா எதிர்த்தார். பச்சை கேட்டுத் தம்பி குறுக்கே புகுந்தார். அரை மணி நேரத்தில் முப்பத்து நான்கு கருத்துகளைக் குமாஸ்தா எழுதி முடித்தார். வரவேற்புரையின் மீதி பதினொரு பக்கமும் அலுவலர் கையிலேயே இருந்தது.

எல்லோரும் கலைந்தபின் தலைவி பதிவேட்டின் கடைசி எண்ணைப் பார்த்தார். "நூத்தி அறுபத்தொண்ணு. உங்க பிரிவு பொழைச்சுது, சார்."

"நன்றி, மேடம். அறிவிப்பின் மொழி..."

"மொழிதான். ஊரே கேட்டுச்சு." தலைவி சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டார். "அந்த மலர் வளையம், பழைய தொட்டிக்கு மக்கள் செலுத்தின அஞ்சலின்னு அறிக்கையில எழுதிடுங்க. கொண்டுவந்தது யாருன்னு பார்த்து, பேர் போட்டு ஒரு பாராட்டுக் கடிதமும் அனுப்பிடுங்க."

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டில் விரலை ஓட்டினார். நோக்கம் என்ற கட்டத்தில் நூற்று அறுபது பேரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருந்தார்கள். தையல்காரர் மட்டும் 'கூட்டம்' என்று எழுதியிருந்தார். எண்பத்து மூன்றாவது வரியில், மளிகைச் சீட்டுகளில் அவர் தினமும் பார்க்கும் கையெழுத்தில், 'அண்ணனுக்கு இறுதி மரியாதை, மலர் வளையம் ஒன்று' என்று இருந்தது.

வளையத்தை வாங்கி வந்தவர் அவருடைய மனைவி.