பொத்தான் டப்பாவில் ஒரு லென்ஸ் மூடி

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் ஒரே ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலத்துக்குள், என் கடைசி நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் முடிந்து, அவள் கோபித்துக்கொண்டு பெட்டியோடு திரும்பியும் வந்துவிட்டாள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தையல் மெஷின் வாசலுக்கு நேரே இருக்கிறது. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைப்பேன். காற்று மட்டும்தான் காரணம் என்று நான் எங்கேயும் சத்தியம் செய்ததில்லை.

அவரிடம் இருந்தது பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, ஃபிலிம் போடுவது. அதில் ஒரு விசேஷம். பார்ப்பதற்கு ஓரத்தில் தனி ஜன்னல், படம் பிடிப்பதற்கு நடுவில் லென்ஸ். கண் ஒரு வழி, படம் ஒரு வழி. இதை அவர் எனக்கு எட்டுத் தடவையாவது விளக்கியிருக்கிறார். அப்போது கொட்டாவியை அடக்கியபடி கேட்டேன். பிற்பாடு அந்த ஒரு விஷயம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

லென்ஸ் தேடியது அவருடைய அக்காவுக்காக. அவளை எங்கள் தெருவில் எல்லாரும் மைக் என்றுதான் கூப்பிடுவோம். பஸ் நிலையத்தில் இருபது வருஷமாக அறிவிப்பு செய்கிறவள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து அவள் சிரித்த சிரிப்பில், கிளம்பவிருந்த பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வந்து என்ன ஏது என்று விசாரித்தார்களாம். சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அதில் ஒரு சட்டைப் பொத்தானை வைக்கலாம். அந்தக் கன்னத்துக்கு அடியில், தாடையில்தான் கட்டி. எலும்போடு சேர்த்து எடுக்க வேண்டும், முகம் பழையபடி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், தம்பியைக் கூப்பிட்டு, "வெட்டறதுக்கு முன்னாடி நான் சிரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுடா" என்றாளாம். ஆனால் அவளுடைய அறையில்தான், அவளுடைய கட்டிலில்தான். ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, அடித்தால் முகம் கல்லாகிவிடும். அந்த அறை ஜன்னலோ பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தது. பட்டப்பகலில் அங்கே நூல் கோர்க்க என்னாலேயே முடியாது. அவரிடம் இருந்த பழைய லென்ஸ் அந்த இருட்டுக்கு உதவாது. குறைந்த வெளிச்சத்தையும் வாரிக்கொள்கிற வேகமான ஐம்பது எம்.எம். லென்ஸ் வேண்டும் என்று கிளம்பினார்.

பழைய கேமராக் கடைக்காரர் இரண்டு லென்ஸ்களைப் பார்த்துவிட்டுத் தரும்படி கொடுத்தனுப்பினார். ஒன்று 1.5 நம்பர்; நம்பர் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வாங்குமாம். சின்னது, கறாரானது, முகத்துப் பருவைக்கூட மன்னிக்காது. இன்னொன்று 1.2. ஊறுகாய் ஜாடி மாதிரி கனம், கேமராவில் பார்க்கிற ஜன்னலின் ஒரு மூலையையே மறைக்கும், ஆனால் முகத்தில் ஒரு மினுமினுப்பு வரும். இரண்டு வாரம் இதே பேச்சு. சுவரில் நியூஸ்பேப்பரை ஒட்டி எடுத்தார். துடைப்பத்தோடு நின்ற தன் மனைவியை எடுத்தார். என்னை எடுத்தார். அதில் என் மூக்கு மட்டும் துல்லியமாக விழுந்து, கண் இரண்டும் புகையாகிவிட்டன. அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைக்கிறவளுக்குச் சரியான படம் என்று மைக் அதற்கும் சிரித்தாள்.

ஒரு புதன்கிழமை இரண்டு பிரிண்டுகளை என் மெஷின் மேல் வைத்தார். "டெய்லரம்மா, எது தேவலை?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு தம்பி."

"உங்ககிட்ட கேட்டேன் பாருங்க. உங்க கண்ணுக்கு ஊசி ஓட்டை மட்டும்தான் தெரியும்."

அறுந்த நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன். தைத்தேனே தவிர, மறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் படம் எடுக்கிற நேரம் வந்தது. "நீங்க இருந்தாத்தான் அக்கா சிரிப்பா, வாங்க" என்று கூப்பிட்டதும் அவர்தான். என்னைக் கட்டிலில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடைசியில் ஊறுகாய் ஜாடியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு எங்கள் எதிரே முட்டிபோட்டார்.

லென்ஸின் மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது? எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. மைக்குக்குக் கண்ணாடி போட்டால்தான் எதுவும் தெரியும், படத்துக்காகக் கழற்றி வைத்திருந்தாள்.

நாலு படம் எடுக்கட்டும், அப்புறம் சொல்வோம் என்று நினைத்தேன். ஊசி ஓட்டைதானே தெரியும் எனக்கு! மாடிப்படியில் நின்று ஒரு வாரம் சொல்லிச் சிரிக்கிற சமாச்சாரம் கையில் கிடைத்திருந்தது. அந்தக் குஷியில், என் நாத்தனார் மாமியார் வீட்டிலிருந்து தன் மிக்ஸியையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்த கதையை அவிழ்த்துவிட்டேன். மைக் சிரித்தாள். தலையணையைக் குத்திக்கொண்டு, மூச்சு வாங்க, கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். கிளிக், கிளிக் என்று அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். நாலு, ஆறு, பத்து. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். இந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு அவர் ஹாலுக்கு ஓடினார். மைக் முந்தானையில் முகத்தைப் பொத்திக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொன்னால், "எப்போ பாத்தீங்க?" என்றுதானே முதலில் கேட்பார்? எட்டி மூடியைக் கழற்றி, மடியில் செருகிக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை காலையிலேயே சேந்துடணுமாம்" என்றார். அதோடு மைக்கின் முகம் அணைந்துவிட்டது. மீதி ஃபிலிமில் அவள் உட்கார்ந்திருந்தது, அடையாள அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி. வீட்டுக்கு வந்து மூடியைப் பொத்தான் டப்பாவில் போட்டேன். கறுப்புக் கோட்டுப் பொத்தான்களோடு அது நன்றாகவே கலந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அவர் பாத்ரூமில் ஃபிலிமைக் கழுவினார். ஈரச் சுருளைப் பிடித்துக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்தார். முதல் பதினாலு படமும் வெறும் கண்ணாடித் தாள். அதற்குப் பிறகு வாடிய மைக் வரிசையாக உட்கார்ந்திருந்தாள்.

"மூடியோட எடுத்துட்டேனோன்னுதான் மொதல்ல நெனச்சேன் டெய்லரம்மா. ஆனா நடுவுல நான் மூடியைத் தொடவே இல்லையே. மூடி இருந்திருந்தா கடைசி வரைக்கும்ல இருந்திருக்கணும்? நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தீங்க. மூடி கீடி இருந்துச்சா?"

கேட்டுவிட்டார். சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"எனக்கு ஊசி ஓட்டை மட்டும்தானே தம்பி தெரியும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அன்னைக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். உள்ளே போய்க் காஜா எடுக்க உட்கார்ந்தேன். மூன்று காஜாவைத் தப்பான பக்கத்தில் எடுத்தேன்.

சனிக்கிழமை இரண்டு லென்ஸையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை, மூடி எங்கே என்று மட்டும் கடைக்காரர் கேட்டாராம். வீடு முழுக்கக் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினார்கள். நானும் போய்க் குனிந்து தேடினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

"அப்ப தப்பு என் மேலதான். எதையோ சரியா மாட்டல. ரெண்டு வாரம் லென்ஸ் பாத்தேனே, அந்த ரெண்டு வாரத்துல அக்காவைப் பாத்தேனா?" என்று அவர் மனைவியிடம் சொன்னது என் வாசல் வரை கேட்டது.

மறுபடி ஒரு தடவை உட்காரச் சொன்னதற்கு மைக், "போடா, அவ்வளவு சிரிப்பு ஸ்டாக்கில இல்ல" என்று சொல்லிவிட்டாளாம்.

ஞாயிறு காலையில் கிளம்பினார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யாது. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடம் இல்லையா. அவர் இரண்டு கையிலும் பெட்டி, முன்னால் மைக், மனைவி கீழே டாக்ஸியில். அவர்கள் பாதிப் படி இறங்கியிருந்தபோது ஓடிப்போய் வழியை மறித்து, உள்ளங்கையை விரித்தேன்.

"இது என்ன?" என்றாள் மைக், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"லென்ஸ் மூடி. அன்னைக்கு நீ சிரிச்சப்போ இதுதான் முன்னாடி இருந்துச்சு. நான் பாத்தேன். சொல்லல. அப்புறம் நானே கழட்டி எடுத்துட்டேன். தம்பி கேட்டப்பவும் மழுப்பிட்டேன்."

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மைக் சிரித்தாள். மாடிக் கதவுகள் திறக்கிற சிரிப்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, படிக்கட்டு ஜன்னலின் வெளிச்சம் முழுக்க முகத்தில் விழ.

"அடியே தையலு, பொறந்ததிலேருந்து நீ வாயத் தெறக்காம இருந்தது இந்த ஒரே தடவதான்! அதையும் இதுக்கா போய்ச் செலவழிச்ச?"

கேமரா மேலே, பூட்டிய வீட்டில். அவர் கையில் இரண்டு பெட்டி. "டாக்ஸி நிக்குதுக்கா" என்று மட்டும் சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை.

ஒரு மாதம் கழித்து மைக் வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் கட்டு, பேச இன்னும் நாளாகும். மடியில் ஒரு சிலேட்டு. நான் போய் உட்கார்ந்ததும் எழுதினாள்: "படியில் எப்படிச் சிரித்தேன்? கூட்டாமல் சொல்."

கூட்டாமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மெதுவாகச் சொன்னேன். இடது கண் வலதைவிட அதிகமாக மூடியது. மேல்வரிசையில் ஓரத்துப் பல் தெரிந்தது. குழி முதலில் சின்னதாக விழுந்து, பிறகு ஆழமாகி, சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் போகாமல் இருந்தது.

அவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படியில் பார்த்த அன்றிலிருந்து என்னோடு பேசியதில்லை.

"கடைசியில சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"ஏன் தம்பி, நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். ஆனா அக்கா சிரிச்சப்போ நான் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்."

மைக் சிலேட்டைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குழியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.