நாத்தனார் கொண்டுவந்த சேறு

ஊரே நல்லெண்ணத்தோடு ஒரு காரியத்தில் இறங்கினால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. அடுத்த வாரம் அதிகாரி வருகிறார், சுத்திகரித்த தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, தேறினால் வயலுக்கு விட அனுமதி தருவார் என்று தெரிந்ததும் ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"வர்றவர் மூக்கைப் பொத்தக்கூடாது! வீட்டுக்கு வீடு சாக்கடையைக் கழுவி விடுங்க!"

கழுவினார்கள். மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கழுவினார்கள். அத்தனையும் குழாய் வழியே நேராகத் தொட்டிக்காரியின் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊர்க் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்வதால் அவளுக்கு அந்தப் பெயர். காலையில் போய்ப் பார்த்தால், பழுப்பாய்ப் புரண்டுகொண்டிருக்க வேண்டிய தொட்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. மேலே வெள்ளை நுரை. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் கூண்டோடு காலி.

"அட பாவிகளா! என் பிள்ளைங்களைக் கொன்னுட்டீங்களே!"

அவள் போட்ட கூச்சலில் தலைவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"சுத்தம்தானேம்மா பண்ணச் சொன்னேன்?"

"ரொம்ப சுத்தம்! ஒண்ணு விடாம துடைச்சு வெச்சிட்டீங்க!"

கோடையில் காய்ந்து கிடக்கும் வயல்களில் அவள் வீட்டு வயலும் ஒன்று. இந்தத் தண்ணீர் தேறாவிட்டால் இந்த வருஷமும் விதைப்பு இல்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. நுண்ணுயிர்கள் நிறைந்த, உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து தொட்டியில் விட வேண்டும். அது பக்கத்து ஊர் நிலையத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்பவளோ அவளுடைய நாத்தனார். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "எங்க அண்ணி தொட்டித் தண்ணி நாறுது" என்று சொல்லிச் சிரித்த மகராசி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நான் வேணா தங்கச்சிகிட்ட பேசவா?" என்று கணவன் மெல்ல இழுத்தான்.

"வேணாம். என் பிள்ளைங்களுக்கு நானே கேட்டுக்கறேன்."

வருகிற கழிவுநீரை நிலையத்துக்குள்ளேயே இருந்த காலிக் குட்டைக்குத் திருப்பிவிட்டாள். பிளீச்சிங் வாடை போகட்டும் என்று தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டாரை ஓடவிட்டாள். பிறகு ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

நாத்தனார் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நுரை வெள்ளையா இருக்கா அண்ணி?"

"ஆமா."

"காத்தை நிறுத்திடாதீங்க. வர்றேன்."

சாயங்காலம் டேங்கர் லாரியின் முன்சீட்டிலிருந்து நாத்தனார் குதித்தாள். "அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா? லாரி நிறையச் சேறு கொண்டாந்திருக்கேன்!"

தொட்டிக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இவளோடு பேசாமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க இருவரும் தொட்டியைச் சுற்றியே கிடந்தார்கள். சாம்பல் மாறிப் பழுப்பு கூடிவந்தது. தலைவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். "தயவுசெஞ்சு யாரும் எதையும் கழுவாதீங்க!"

அதிகாரி வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். முடிவு நல்லபடியாக வந்த அன்றைக்கே மதகைத் திறந்துவிட்டார்கள். தெளிந்த தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் இறங்கி ஓடியது. தலைவர் கைதட்டினார், கணவன் மண்வெட்டியோடு முன்னால் ஓடினான். தொட்டிக்காரி மட்டும் வரப்பில் நின்று நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"என்ன, நாறுதா?"

"நாறினாலும் சொல்லமாட்டேன் அண்ணி. உங்க தொட்டியில இருக்கறது பூரா என் பிள்ளைங்களாச்சே!"